கத்திரி வெயிலில் குளிர்ந்த உடம்பு

போன மாதம் என் கைபேசிக்கு ஒரு புகைப்படம் வந்தது. அனுப்பியவர் நிவேதா. செஞ்சியில் நான் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்த தனியார் மருத்துவமனையில் இப்போது மயக்கம் கொடுக்கும் இளம் மருத்துவர். படத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி, அதிலிருந்து நீளும் ஒரு குழாய், குழாயின் முனையில் காற்றடைத்து உப்பிய காகிதப் போர்வை. பெட்டி வெதுவெதுப்பான காற்றை ஊதும். போர்வை அதை நோயாளியின் உடம்பெங்கும் பரப்பும். அறுவைச் சிகிச்சை முடியும்வரை உடம்புச் சூடு இறங்காது. படத்துக்குக் கீழே நிவேதா எழுதியிருந்தார்: “மேடம், ஒருவழியா வந்துடுச்சு. இது இல்லாம இத்தனை வருஷம் எப்படி சமாளிச்சீங்க? எழுதி அனுப்புங்க, ஜூனியர்ஸ் கேக்கறாங்க.”

சமாளித்தோம் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. பல நாள் சமாளித்தோம். சில நாள் நோயாளியின் உடம்பு எங்களைச் சமாளித்துக்கொண்டது. எப்படியும் கேட்டுவிட்டார்கள், எழுதுகிறேன்.

மயக்க மருந்து மருத்துவர் என்றால் ஊசியைப் போட்டுவிட்டு மூலையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பவர் என்று நம் பக்கத்தில் ஒரு எண்ணம் உண்டு. என் சொந்தக்காரர்களே அப்படித்தான் நினைத்தார்கள். “தூங்க வைக்கிறதுக்கு எதுக்கும்மா இம்மாம் படிப்பு?” என்று ஒரு சித்தப்பா கல்யாணப் பந்தியில் கேட்டார். தூங்க வைப்பது சுலபம்தான் சித்தப்பா, தூங்குகிறவர் செய்ய முடியாத வேலைகளையெல்லாம் நாம் செய்யவேண்டியிருக்கிறது என்றேன். அவர் ரசத்துக்குக் கை நீட்டிவிட்டார்.

அந்த வேலைகளில் ஒன்று உடம்பைச் சூடாக வைத்துக்கொள்வது. நமக்குக் குளிரெடுத்தால் உடம்பு தானே பார்த்துக்கொள்ளும். தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும், மயிர் சிலிர்க்கும், அதற்கும் அடங்காவிட்டால் நடுங்கும். நடுங்கினால் சூடு பிறக்கும். மயக்கம் கொடுத்தவுடன் இத்தனையும் நின்றுபோகும். குழாய்கள் திறந்துகொள்ளும். நெஞ்சிலும் வயிற்றிலும் இருந்த சூடு கைகால்களுக்குப் பரவித் தோல் வழியாக வெளியே போய்விடும். வயிற்றைத் திறந்தால் இன்னும் வேகமாகப் போகும். மயங்கியிருப்பவரால் போர்வையை இழுத்துக்கொள்ள முடியாது, “குளுருது” என்று சொல்லவும் முடியாது.

படிப்பும் பயிற்சியும் சென்னையில். அந்த வருடங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரையும் போல நின்றேன், திட்டு வாங்கினேன், தேறினேன். ஒன்று மட்டும் மனதில் நின்றது. யாரோ ஒருவர் நல்ல எண்ணத்தில் மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணின் தொடையருகே வெந்நீர் பாட்டில் வைத்துவிட்டார். மறுநாள் அந்தத் தொடையில் பாட்டிலின் அளவுக்குக் கொப்புளம். விழித்திருப்பவர் காலை இழுத்துக்கொள்வார். மயங்கியிருப்பவர் வெந்துகொண்டே படுத்திருப்பார். சூடு குறைந்தாலும் ஆபத்து, சூட்டைத் தப்பாகக் கொடுத்தாலும் ஆபத்து என்று அன்றைக்குப் புரிந்தது.

பிறகு செஞ்சிக்கு வந்தேன். நான் பிறந்ததே இந்தப் பக்கம்தான், ஆகவே வெயிலைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பகலெல்லாம் காய்ந்த பாறைகள் பொழுது சாய்ந்த பிறகும் ஊரின் மேல் அனலை ஊதிக்கொண்டிருக்கும். இந்த ஊரில் “நோயாளிக்குக் குளிரும்” என்று சொன்னால் சிரிப்பார்கள். மே மாதத்தில் கைப்பையில் சுவெட்டர் வைத்துக்கொண்டு போகும் ஒரே ஆள் நான்தான். ஆபரேஷன் தியேட்டருக்குள் போனதும் எடுத்துப் போட்டுக்கொள்வேன். மருத்துவமனையில் எனக்குப் பெயரே சுவெட்டர் டாக்டரம்மா.

தியேட்டர் ஏன் அப்படிக் குளிர்ந்தது என்றால், எங்கள் தலைமை அறுவை மருத்துவர் தணிகாசலம் சாருக்கு வேர்க்கும். நல்ல கனத்த உடம்பு. அதன்மேல் கவுன், கையுறை, முகமூடி, தலைக்கு நேரே விளக்கு. ஏசியைக் கடைசிப்புள்ளி வரை இறக்கினாலும் அவர் நெற்றியில் துளி கட்டும். தியேட்டர் சிஸ்டர் கமலா அவருக்குப் பின்னால் ஒரு துணியோடு நிற்பார். துளி உருளப் போகும் நேரம் சாருக்கு எப்படியோ தெரியும். கை நிற்கும், தலை மட்டும் இடப்பக்கம் திரும்பும், கமலா ஒற்றி எடுப்பார், தலை மீண்டும் குனியும். நான் ஒருமுறை கேட்டதற்கு, “என் வேர்வை ஒரு சொட்டு வயித்துக்குள்ள விழுந்தா அது என் தப்பும்மா, ஏசி மெக்கானிக் தப்பு கிடையாது” என்றார்.

அவர் கத்தியதை நான் கேட்டதேயில்லை. கோபம் வந்தால் என்னை அழைக்கும் விதம் மாறும். மற்ற நேரத்தில் “அம்மா”. கோபத்தில் “டாக்டர்”. “டாக்டர்” என்று காதில் விழுந்தால் தியேட்டரே கொஞ்சம் நிமிர்ந்து நிற்கும். வேலையில் அவசரப்படமாட்டார். ஒரு முடிச்சுப் போட்டால் இழுத்துப் பார்ப்பார், காத்திருப்பார், பிறகுதான் நூலை வெட்டச் சொல்வார். வயிற்றை மூடுவதற்கு முன் ஒரு வெள்ளைத் துணியை உள்ளே பரப்பி, கையால் மெல்ல அமுக்கி, எடுத்து விளக்கில் பிடித்துப் பார்ப்பார். அது வெள்ளையாக வந்தால்தான் மூடுவார். சிவப்புப் புள்ளி இருந்தால் மறுபடி தேடுவார். வந்த வேலையைப் பாதியில் விட்டு வயிற்றை மூடுவது அவர் அகராதியில் கிடையாது.

அவருக்கும் எனக்கும் ஏசி விஷயத்தில் ஒரு உடன்படிக்கை இருந்தது. நோயாளியை மேசையில் போட்டு, மயக்கம் கொடுத்து, துணிகளால் மூடும்வரை ஏசி ஓடாது. மூடிய பிறகு நான் தலையாட்டுவேன், கமலா ரிமோட்டை அமுக்குவார். கைக்குழந்தை என்றால் முழு நேரமும் ஏசி கிடையாது. சார் ஈரத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, வேர்த்து ஒழுக ஒழுக, ஒரு வார்த்தை பேசாமல் குழந்தைக்குக் குடலிறக்கம் தைத்துக் கொடுப்பார். நான் குழந்தையின் கைகாலைப் பஞ்சுச் சுருளால் சுற்றி வைத்திருப்பேன். மற்றபடி எங்களிடம் இருந்த சாதனம் ஒரு பெரிய இட்லிப் பானை. கருவிகள் கொதிக்க வைக்கும் அறையில் அதில் வெந்நீர் ஊற்றி, சலைன் பாட்டில்களைப் போட்டு வைப்போம். எடுத்து முன்கையின் உட்புறம் வைத்துப் பார்க்கவேண்டும். சுட்டால் கூடாது, ஒன்றுமே தெரியாவிட்டால் அதுதான் சரியான சூடு.

இனி ஏழுமலையைப் பற்றிச் சொல்லலாம்.

மே மாதம், கத்திரி வெயில். கிணற்றுப் பாசனம் இருந்த கழனிகளில் நடவுக்குச் சேற்றுழவு நடந்துகொண்டிருந்தது. தளவானூரில் ஏழுமலை டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தபோது, வரப்போரத்தில் ஒரு சக்கரம் புதைந்து வண்டி அவர் மேலேயே சாய்ந்துவிட்டது. முப்பது வயதிருக்கும். அடியில் சேறு ஆழமாக இருந்ததால் நசுங்காமல் அமிழ்ந்தார். பக்கத்துக் கழனியில் நாற்றுப் பிடுங்கிக்கொண்டிருந்த மனைவி செல்வியும், அண்ணன் கன்னியப்பனும், இன்னும் சிலரும் சேர்ந்து வண்டியை ஒரு பக்கமாக நெம்பித் தூக்கி அவரை வெளியே இழுத்தார்கள். குட்டியானை என்று நாம் சொல்கிற சின்ன லோடு வண்டியின் திறந்த முதுகில் போட்டுக்கொண்டு எங்களிடம் வந்தார்கள்.

வந்தபோது மனிதர் குளித்துவிட்டு வந்தவர் மாதிரி இருந்தார். தலைமுடியில்கூட ஒரு பொட்டுச் சேறு இல்லை. லுங்கி உடம்போடு ஒட்டி, பாதி காய்ந்து பாதி ஈரமாக இருந்தது. கமலா சிஸ்டருக்குச் சந்தோஷம். “எவ்ளோ சுத்தமா கொண்டாந்திருக்காங்க பாருங்க மேடம்” என்றார்.

“எப்படிம்மா நனைஞ்சாரு?” என்று நான் செல்வியைக் கேட்டேன்.

“மேலெல்லாம் சேறு டாக்டரம்மா. கண்ணு எது மூக்கு எதுன்னே தெரியல. சேத்தோட எப்படி ஆஸ்பத்திரிக்குள்ள கொண்டாறது? பம்புசெட்டுல படுக்க வச்சி நான்தான் கழுவிவுட்டேன்.”

கிணற்றுத் தண்ணீர் கொட்டுகிற தொட்டியோரம் அவரைக் கிடத்தி, சேலைத் தலைப்பால் முகத்தையும் தலையையும் தேய்த்துக் கழுவியிருக்கிறார். நம் பக்கத்தில் எவரும் இதைத்தான் செய்வார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் நல்ல சட்டை மாற்றிக்கொண்டு வருகிற சனம் நாம். பிறகு ஈர உடம்போடு திறந்த வண்டியில், எதிர்க்காற்றில், தளவானூரிலிருந்து செஞ்சி வரைக்கும்.

நின்று பேச நேரமில்லை. ரத்த அழுத்தம் விழுந்துகொண்டிருந்தது. வயிறு உப்பிக் கல்லாக இருந்தது. ஊசி போட்டு இழுத்தால் ரத்தம். பாண்டிச்சேரிக்கு அனுப்பினால் வழியிலேயே போய்விடுவார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. கை சில்லென்றிருந்தது, ரத்தம் போகிற எவருக்கும் கை சில்லென்றுதான் இருக்கும். வாசலில் இருந்த நர்ஸ் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துக் காய்ச்சல் இல்லை என்று குறித்துக்கொண்டார். விழுப்புரத்துக்கு ரத்தத்துக்கு ஆள் ஓடியது. கெட்டமின் என்ற மயக்க மருந்தைக் கொடுத்து, தொண்டையில் குழாய் இறக்கி, துணி மூடியதும் நான் வழக்கம்போலத் தலையாட்டினேன். ஏசி ஓட ஆரம்பித்தது.

சார் வயிற்றைத் திறந்தார். கல்லீரலின் வலப்பக்கம் கிழிந்திருந்தது. கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நிதானமாகத் தைக்கத் தொடங்கினார். பெரிய ரத்தக் குழாய்கள் ஒவ்வொன்றாக அகப்பட்டன, முடிச்சு விழுந்தது, ரத்தப் பெருக்கு அடங்கியது. அந்தக் கட்டம் வரை அது நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஒரு கேஸ். ஐஸ் பெட்டியில் வந்த ரத்தத்தை நான் வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு ஏற்றினேன். இட்லிப் பானையில் இருந்த சலைன் தீர்ந்தது. பிறகு அலமாரியிலிருந்து எடுத்து அப்படியே மாட்ட வேண்டியதாயிற்று.

சார் வெள்ளைத் துணியைப் பரப்பினார். சிவப்பாக வந்தது. இன்னொரு தையல் போட்டார். மறுபடி பரப்பினார், மறுபடி சிவப்பு. இந்த முறை ஓரிடத்தில் புள்ளியாக இல்லை. துணி முழுக்க ஊறியிருந்தது. தைத்த இடத்தில் கசிவு இல்லை. ஊசி குத்திய துளைகளில் கசிந்தது, வெட்டிய தோலின் ஓரத்தில் கசிந்தது. கையில் நான் ஊசி செருகியிருந்த இடத்திலும் பிளாஸ்திரிக்கடியில் ரத்தம் ஊறியிருந்ததைப் பார்த்தேன். ஓட்டை இருந்தால் அடைக்கலாம். ரத்தமே உறைய மறுத்தால் எதை அடைப்பது?

தெர்மாமீட்டரைத் துணிக்கடியில் கொடுத்து ஆசனவாயில் வைக்கச் சொன்னேன். கமலா எடுத்துப் பார்த்து, “முப்பத்தஞ்சு மேடம். காய்ச்சல் ஒண்ணுமில்ல” என்றார்.

“மெர்குரி ஏறியிருக்கா சிஸ்டர்?”

அவர் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். “இல்ல மேடம். அடியிலயே இருக்குது.”

“அந்தத் தெர்மாமீட்டர் முப்பத்தஞ்சுலதான் ஆரம்பிக்குது. அதுக்குக் கீழ எவ்வளவு இருந்தாலும் அதுக்குத் தெரியாது. குழந்தை வார்டுல கீழ வரைக்கும் காட்டுறது ஒண்ணு இருக்கும், ஓடிப்போய் எடுத்துட்டு வரச் சொல்லுங்க.”

தெர்மாமீட்டர் என்பது காய்ச்சல் பார்க்கும் கருவி என்றுதான் நாமெல்லோரும் பழகியிருக்கிறோம். காய்ச்சல் இல்லையென்றால் நல்ல சேதி. அதற்கு அந்தப் பக்கமும் ஒரு பள்ளம் இருக்கிறது என்பது இந்த வெயிலூரில் யாருக்கும் தோன்றாது. குழந்தை வார்டின் தெர்மாமீட்டர் வந்தது. செல்சியஸில் முப்பத்தேழு இருக்கவேண்டிய உடம்புச் சூடு முப்பத்து மூன்றுக்கும் கீழே நின்றது.

“சார், நூல் போட்டா இது நிக்காது. உடம்பு குளிர்ந்துபோச்சு. குளிர்ந்த ரத்தம் உறையாது.”

“குளிரா? மே மாசத்துலயா?”

“முப்பத்து மூணு கூட இல்ல சார். சிஸ்டர், ஏசிய நிறுத்துங்க.”

கமலா ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாரைப் பார்த்தார். சார் நிமிரவில்லை. “டாக்டர், உங்க வேலைய நீங்க பாருங்க” என்றார்.

“இதுதான் சார் என் வேலை.”

சார் கல்லீரலைப் பிடித்தபடியே தைத்த இடத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு கமலாவிடம், “மேடம் சொல்றாங்கல்ல” என்றார். ஏசி நின்றது. அவர் இன்னொரு தையல் போட்டார். ஊசி போன வழியெல்லாம் ரத்தம் முத்துமுத்தாக நின்றது.

“உள்ள துணி வச்சு இறுக்கி அடைச்சிட்டு மூடிடலாம் சார். சூடு ஏத்தி, ரத்தம் உறைய ஆரம்பிச்சதும் நாளைக்குத் திறக்கலாம்.”

“பாதியில மூடச் சொல்றீங்க.”

“ஆமா சார்.”

“மூடினா நிக்குமா?”

“நிக்கலாம்.”

“நிக்குமா, நிக்கலாமா?”

“நிக்கலாம் சார். இப்படியே தச்சிட்டிருந்தா மட்டும் நிச்சயமா நிக்காது.”

நெற்றியில் துளி உருண்டது. அன்றைக்குத் தலையைத் திருப்ப மறந்துவிட்டார். கமலா எட்டித் துடைத்தார். சார் கையை நீட்டி, “மாப் குடு” என்றார். மாப் என்பது வயிற்றுக்குள் வைக்கும் பெரிய துணித் திண்டு. ஒவ்வொன்றாக வாங்கிக் கல்லீரலைச் சுற்றித் திணித்தார். கமலா சத்தமாக எண்ணிக்கொண்டே கொடுத்து, எண்ணிக்கையைச் சுவர்ப் பலகையில் எழுதினார். சார் தோலை மட்டும் பிடித்துப் பெரிய பெரிய தையலாகப் போட்டு மூடினார். அவ்வளவு கோணலான ஒரு தையலை அவர் கையிலிருந்து நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

வெளியே போய்ச் சொல்லும் வேலை எனக்கு. வராந்தாவில் தளவானூர் சனம் ஒரு பத்துப் பதினைந்து பேர். செல்வி ஓடிவந்தார்.

“வேலை இன்னும் முடியலம்மா. ரத்தம் நிக்காததால உள்ள துணி வச்சு அடைச்சு மூடியிருக்கோம். நாளைக்கு மறுபடி திறந்து எடுப்போம்.”

“துணிய உள்ளயே வச்சித் தச்சிட்டீங்களா டாக்டரம்மா?”

வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறோம் என்று விளக்கினேன். ஏன் ரத்தம் நிற்கவில்லை என்று கேட்டார்கள். உடம்பு ரொம்பக் குளிர்ந்துவிட்டது, சூடு ஏறினால்தான் ரத்தம் உறையும் என்றேன். நான் சொல்லி முடிக்கும் முன்னே கன்னியப்பன் செல்வியின் பக்கம் திரும்பினார்.

“கேட்டுக்கினியா? டாக்டரம்மா இன்னா சொல்றாங்கன்னு கேட்டுக்கினியா? நீ தண்ணி ஊத்தினதுதான். சாவக் கெடக்குறவனைக் குளிப்பாட்டினா பாரு.”

“மாமா, நீயுந்தான மாமா மோட்டாரப் போட்ட…”

“நீ சொல்லித்தான போட்டேன்! என் தம்பிக்கு எதுனா ஒண்ணு ஆச்சின்னா அந்த வூட்டுப் படிய நீ மிதிக்கக் கூடாது, சொல்லிட்டேன்.”

செல்வி சுவரோரம் குந்தி உட்கார்ந்துவிட்டார். ரத்தம் போனதும், வண்டியில் பட்ட காற்றும், தியேட்டரும், சலைனும் எல்லாம் சேர்ந்துதான் என்று நான் சொன்னேன். யார் காதிலும் ஏறவில்லை. அவர்களுக்குக் கண்ணால் பார்த்த தண்ணீர் இருந்தது. நான் சொன்ன மற்ற எதையும் அவர்கள் பார்க்கவில்லை. என் வாயிலிருந்து வந்த ஒரு மருத்துவ உண்மை ஒரு பெண்ணின் தலையில் போய் விழுந்தது எனக்குத் தாங்கவில்லை.

உடை மாற்றும் அறையில் சார் நனைந்த பனியனோடு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். “என்னம்மா சொன்னாங்க?” என்றார். நடந்ததைச் சொன்னேன். தம்ளரை வைத்துவிட்டு, சட்டைகூடப் போடாமல் பனியன்மேல் ஒரு கவுனை மாட்டிக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

“யாருப்பா அண்ணன்?”

கன்னியப்பன் முன்னால் வந்தார்.

“அந்தப் பொண்ணை எதுக்குத் திட்றே? அது ஊத்தின தண்ணி இந்த வெயிலுக்கு வழியிலயே காய்ஞ்சிருக்கும். உள்ள ஏசி போட்டது நான். எனக்கு வேர்க்கும், அதுக்காகப் போட்டேன். உன் தம்பி குளிர்ந்தது அதனாலதான்.”

கன்னியப்பன் இன்னும் ஓர் அடி முன்னால் வந்தார்.

“அப்போ என் தம்பிக்கு எதுனா ஆனா நீங்கதான் சார் பொறுப்பா?”

“நான்தான்.”

சட்டம் தெரிந்த எவரும் ஒரு மருத்துவர் இப்படிப் பேசக்கூடாது என்பார்கள். உள்ளே நோயாளி பிழைப்பாரா என்பது அப்போது எங்கள் இருவருக்குமே தெரியாது. செத்திருந்தால் அன்று மாலைக்குள் மருத்துவமனையில் ஒரு கண்ணாடி மிஞ்சியிருக்காது, சாரின் பெயரும் மிஞ்சியிருக்காது. அவர் சொன்னதில் பாதி உண்மை. தண்ணீர் வழியிலேயே காய்ந்தது என்பது உண்மையல்ல. காய்கிற ஈரம்தான் சூட்டை எடுத்துக்கொண்டு போகும் என்பது அவருக்கும் தெரியும்.

அதன்பின் சூடேற்றும் வேலை. எங்கள் மருத்துவமனையில் மொட்டை மாடிக்கு நேர்கீழே ஓர் அறை உண்டு. கோடையில் அதை இலவசமாகக் கொடுத்தாலும் யாரும் எடுக்கமாட்டார்கள், அடுப்பங்கரை தேவலை. ஏழுமலையை வென்டிலேட்டரோடு அங்கே தூக்கிப் போனோம். ஜன்னல்களைத் திறந்து, செஞ்சி வெயிலை உள்ளே விட்டோம். ஈரத்தையெல்லாம் துடைத்து, கையையும் காலையும் பஞ்சுச் சுருளால் சுற்றி, தலைக்கும் பஞ்சு வைத்துக் கட்டி, மேலே பிளாஸ்டிக் தாள், அதன் மேல் கம்பளி. இட்லிப் பானை மறுபடி அடுப்பேறியது. உள்ளே போன ஒவ்வொரு சொட்டும் என் முன்கையைத் தாண்டித்தான் போனது. உடம்பில் படும்படி வெந்நீர் பாட்டில் எதையும் வைக்கவிடவில்லை.

நடுநடுவே கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து வைத்து, சற்று நேரம் கழித்துச் சாய்த்துப் பார்த்தேன். முதல் குழாயில் ரத்தம் தண்ணீராக ஓடியது. இரண்டாவதிலும் அப்படியே. சார் அறையைவிட்டுப் போகவில்லை. மின்விசிறி கூடாதென்று நான் சொல்லியிருந்ததால், நாற்காலியில் உட்கார்ந்து, துண்டு நனைய நனையப் பிழிந்து பிழிந்து துடைத்துக்கொண்டிருந்தார். பொழுது சாயும் நேரத்தில் ஒரு குழாயைச் சாய்த்தேன். ரத்தம் ஓடாமல் கட்டியாக அப்படியே நின்றது. சாரிடம் நீட்டினேன். அவர் வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார். கட்டி அசையவில்லை. “சரிம்மா” என்றார். மறுபடி என்னை “அம்மா” என்று சொன்னதை அப்போதுதான் கவனித்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலை ஏசி இல்லாமல் வயிற்றைத் திறந்தோம். சார் துணித் திண்டுகளை நனைத்து நனைத்து, ஒவ்வொன்றாக மெதுவாக எடுத்தார். கமலாவின் எண்ணிக்கை பலகையோடு ஒத்துவந்தது. கடைசியில் வெள்ளைத் துணியைப் பரப்பி எடுத்தார். வெள்ளையாக வந்தது.

ஏழுமலை பிழைத்தார். தொண்டைக் குழாயை எடுத்தபின் அவர் பேசிய முதல் வார்த்தை, “இன்னா இவ்ளோ புழுக்கமா இருக்குது, ஃபேன் போடுங்க” என்பதுதான். கமலா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கன்னியப்பன் சாரின் காலில் விழப்போய், சார் பின்வாங்கி, இருவரும் முட்டிக்கொண்டார்கள். செல்வியிடம் மட்டும் கன்னியப்பன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வீட்டிலிருந்து அவருக்கும் சேர்த்துச் சோறு கொண்டுவந்தார். எங்கள் பக்கத்து ஆண்களிடம் அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது.

வீட்டுக்குப் போகிற அன்று செல்வி என்னைத் தேடி வந்தார். தியேட்டர் வாசலில் நின்றுகொண்டு, உள்ளே சார் இல்லை என்று பார்த்துக்கொண்டு பேசினார்.

“டாக்டரம்மா, அந்த சாரு எனக்காவத்தான் அப்படிச் சொன்னாரு. எனக்குத் தெரியும்.”

நான் வாசலுக்கு வந்து அவர் பக்கத்தில் நின்றேன்.

“கெணத்துத் தண்ணி எம்மாம் ஜில்லுன்னு இருந்துச்சின்னு என் கைக்குத் தெரியாதா? கழுவக் கழுவ அவரு உடம்பு ஜில்லுன்னு ஆனதும் என் கைக்குத் தெரியும். வெயிலுக்கு நல்லதுதானேன்னு நெனச்சேன்.”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சார் அதைத்தான் விரும்பியிருப்பார். ஆனால் கேட்க வந்தவருக்குப் பொய் வேண்டியிருக்கவில்லை என்று எனக்குப் பட்டது.

“தண்ணியும் ஒரு காரணம்தாம்மா. அது மட்டும் இல்ல. ஏசியும்தான், காத்தும்தான், ரத்தம் போனதும்தான். எது எவ்வளவுன்னு யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது.”

அவர் மெல்லத் தலையாட்டினார். முகத்தில் இருந்த இறுக்கம் கொஞ்சம் விட்ட மாதிரி இருந்தது. போகத் திரும்பியவர் நின்றார்.

“நாளைக்கி யாருக்குனா இப்படி ஆச்சின்னா, சேத்தோடவே கொண்டாறலாமா?”

“சேத்தோடவே கொண்டாங்க. தண்ணி ஊத்தாம, ஒரு போர்வையச் சுத்திக் கொண்டாங்க.”

அவர் எட்டி தியேட்டர் தரையைப் பார்த்தார். கமலா அப்போதுதான் துடைத்துவிட்டுப் போயிருந்தார்.

“தரையெல்லாம் அழுக்காவுமே டாக்டரம்மா?”

“ஆவட்டும்” என்றேன்.